சிவிலைசேஷன் 6: எந்த பாலிசி எப்போது, எத்தனை நகரம், எங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று நம்ம பக்கத்தில் நகரம் வைத்து நாட்டை வளர்க்கிற இந்த கம்ப்யூட்டர் கேமை விளையாடுகிற ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், கேட்கிற கேள்விகளும் பெரும்பாலும் முதல் 100 டேர்னைப் பற்றியவைதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். எண்கள் எல்லாம் ஸ்டாண்டர்ட் ஸ்பீடுக்கும், கேதரிங் ஸ்டோர்ம் விரிவாக்கம் போட்ட கேமுக்கும் உரியவை. வெறும் அடிப்படை கேம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு லோயல்ட்டி, கவர்னர், வெள்ளம் எல்லாம் இருக்காது, அந்தப் பகுதிகளை விட்டுவிட்டு வாசியுங்கள்.

தொடக்கத்தில் எந்த இரண்டு கார்டைப் போடுவது?

கல்ச்சரைக் கொண்டு முடிக்கும் சிவிக்குகளில் முதலாவதான கோட் ஆஃப் லோஸ் முடிந்ததும் சீஃப்டம் என்ற முதல் கவர்ன்மென்ட் கிடைக்கும். அதில் பாலிசி கார்ட் போட ஒரு மிலிட்டரி இடம், ஒரு எக்கனாமிக் இடம், அவ்வளவுதான்.

மிலிட்டரி இடத்தில் பெரிய குழப்பம் இல்லை. டிசிப்ளின் போடுங்கள், எந்த நாட்டையும் சேராத படைகளான பார்பேரியன்களுக்கு எதிராக 5 பலம் கூடும், முதல் முப்பது நாற்பது டேர்னில் நம்மை அடிக்க வருவது பெரும்பாலும் அவர்கள்தான். இரண்டு ஸ்கவுட்டை விட்டு மேப் முழுக்கத் தேடுகிற ஆள் என்றால் சர்வே போடலாம், ஸ்கவுட்டுக்கு அனுபவம் இரட்டிப்பாகும்.

எக்கனாமிக் இடத்தில்தான் சண்டை. கோட் கிங் போட்டால் தலைநகரில் ஒரு ஃபெயித் (மதப் புள்ளி), ஒரு கோல்ட். அர்பன் பிளானிங் போட்டால் ஒவ்வொரு நகரத்திலும் ஒரு புரொடக்‌ஷன். நான் கோட் கிங் பக்கம். நாட்டுக்கு ஒரு போனஸ் தரும் தெய்வ நம்பிக்கையான பேந்தியனை எடுக்க 25 ஃபெயித் வேண்டும், வேறு வழியில் ஃபெயித் வராவிட்டால் இந்த கார்ட் இல்லாமல் அந்த 25 சேரவே சேராது. அர்பன் பிளானிங்கும் அதே 25 டேர்னில் ஒற்றை நகரத்துக்கு 25 புரொடக்‌ஷன்தான் தரும். பேந்தியனில் ரிலிஜியஸ் செட்டில்மென்ட்ஸ் உங்கள் கைக்கு வந்தால் புதிய நகரம் வைக்கும் செட்லர் ஒன்றே இலவசம், அது குறைந்தது 80 புரொடக்‌ஷன் பெறுமதி. ஆனால் ஒரு பேந்தியனை ஒருவர்தான் எடுக்க முடியும், கம்ப்யூட்டரும் அதை விரும்பி எடுக்கிறது, எனவே அது கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். 25 சேர்ந்ததும் கோட் கிங்கைத் தூக்கிவிடுங்கள். 80ஆவது டேர்னிலும் அந்த கார்ட் அப்படியே குந்திக்கொண்டிருப்பதை எத்தனையோ பேருடைய கேமில் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

ஒரு எக்கனாமிக் இடம்தான், கார்டோ ஐந்தாறு. எதை வைத்து முடிவு எடுப்பது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கோட் கிங், அர்பன் பிளானிங், நிலத்தைத் திருத்தும் பில்டரைச் செய்ய 30 வீதம் கூடுதல் புரொடக்‌ஷன் தரும் இல்கம், செட்லருக்கு 50 வீதம் தரும் கொலனைசேஷன், நிலம் வாங்கும் விலையை 20 வீதம் குறைக்கும் லேண்ட் சர்வேயர்ஸ், ஒவ்வொரு ட்ரேட் ரூட்டுக்கும் 2 கோல்ட் தரும் கரவன்சரீஸ், இத்தனையும் அந்த ஒற்றை இடத்துக்கு வரிசையில் நிற்கின்றன. எது நல்ல கார்ட் என்று கேட்டால் பதில் கிடைக்காது. அடுத்த பத்து டேர்னில் என் நகரங்கள் என்ன செய்யப்போகின்றன என்று கேட்டால் பதில் உடனே வரும். அம்பாறைப் பக்கம் ஒரே வாய்க்காலை நம்பி நாலைந்து பேர் வயல் செய்தால் முறை வைத்துத்தான் தண்ணீர் திருப்புவார்கள், எந்த வயலுக்கு இப்போது அவசரமோ அதற்கு முதலில் பாயும். இந்த இடமும் அப்படித்தான்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கார்டை மாற்றியது ஞாபகத்தில் இருக்கும், ஆனால் நகரங்களின் வரிசையை அதற்கேற்றாற்போல மாற்றமாட்டார்கள். இல்கம் போட்டுவிட்டு கிரேனரி கட்டினால் அந்த கார்டால் ஒரு பிரயோசனமும் இல்லை. இல்கம் போட்டால் இரண்டு மூன்று நகரத்தில் ஒரே நேரம் பில்டர் செய்யுங்கள், முடிந்ததும் கழற்றுங்கள்.

மாற்றுவதற்குச் செலவு எவ்வளவு என்றும் கேட்கிறார்கள். ஒரு சிவிக் முடிகிற டேர்னில் மாற்றம் இலவசம், மற்ற நேரம் கோல்ட் கட்ட வேண்டும். எனவே சிவிக் முடிகிற நேரத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம்: ஒரு சிவிக்கை இன்னும் ஒரு டேர்ன் மட்டும் மீதம் என்ற நிலையில் நிறுத்திவிட்டு வேறொன்றுக்குத் தாவுங்கள், செய்த அளவு அழியாது, கார்ட் மாற்ற வேண்டிய டேர்ன் வரும்போது திரும்பி வந்து அதை முடியுங்கள். சும்மா கிடக்கிற சின்ன சிவிக் ஒன்றை இப்படிக் கையில் வைத்திருப்பது பழகிவிட்டால் பாலிசிக்கு கோல்ட் கட்டுகிற வேலையே வராது.

கொலனைசேஷன் உண்மையில் அவ்வளவு பெறுமதியா?

கணக்கைப் பாருங்கள். முதல் செட்லர் 80 புரொடக்‌ஷன், அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் 30 கூடும்: 110, 140, 170. உங்கள் நகரம் டேர்னுக்கு 8 புரொடக்‌ஷன் செய்கிறது என்று வைப்போம். 110 செட்லருக்கு 14 டேர்ன். அர்பன் பிளானிங் போட்டால் 9 ஆகும், 13 டேர்ன். கொலனைசேஷன் போட்டால் 8 என்பது 12 ஆகும், 10 டேர்னில் செட்லர் வெளியே. மூன்று நகரம் ஒரே நேரத்தில் செட்லர் செய்தால் மொத்தத்தில் 12 டேர்ன் அளவு வேலை மிச்சம்.

இந்த கார்ட் ஏர்லி எம்பயர் சிவிக்கில் வருகிறது, அதன் இன்ஸ்பிரேஷனுக்கு (சிவிக்கைச் சீக்கிரம் முடிக்க வைக்கும் சலுகை) உங்கள் நாட்டின் மொத்த சனத்தொகை 6 ஆக வேண்டும். எனவே முதல் ஒன்றிரண்டு செட்லரை கார்டுக்காகக் காத்திருக்காமல் செய்துவிடுங்கள். அப்புறம் நகரங்களைக் கொஞ்சம் வளரவிட்டு, பில்டர், ஸ்லிங்கர், மொனுமென்ட் என்று செய்துகொண்டு, ஏர்லி எம்பயர் முடிந்த அந்த டேர்னில் எல்லா நகரத்தையும் செட்லருக்குத் திருப்புங்கள். ஒருவர் மட்டும் உள்ள நகரத்தில் செட்லர் செய்ய முடியாது, முடியும்போது ஒரு ஆளும் குறையும், ஆகவே அந்த நேரம் நகரங்கள் 2, 3 சனத்தொகையில் தயாராக நிற்க வேண்டும்.

காட்டை வெட்டி வரும் புரொடக்‌ஷனையும் இந்த நேரத்தில் செட்லருக்குள் தள்ளுங்கள். கார்ட் போட்டிருக்கும்போது வெட்டினால் பலன் பெரிது, கழற்றிய பிறகு வெட்டினால் அதே மரம், குறைந்த பலன்.

முதல் நகரத்தில் என்ன வரிசை?

ஸ்கவுட் அல்லது ஸ்லிங்கர், அப்புறம் செட்லர், அப்புறம் பில்டர், அப்புறம் இன்னொரு செட்லர். மொனுமென்ட் 60 புரொடக்‌ஷன், கல்ச்சரைச் சீக்கிரம் தருகிறது என்பதால் செட்லருக்கு நடுவில் எங்கேயாவது நுழைப்பேன், ஆனால் முதலாவதாக இல்லை. பில்டரின் மூன்று வேலையையும் மூன்று நிலத்தில் செய்தால் கிராஃப்ட்ஸ்மன்ஷிப் சிவிக்குக்கு இன்ஸ்பிரேஷன் கிடைக்கும், 40 வீதம் இலவசம். எனவே முதல் பில்டரை வைத்து மரம் வெட்டாதீர்கள்.

எத்தனை நகரம் போதும்? நான் சிவ் 5 விளையாடி வந்தவன், அங்கே நான்குதானே.

சிவ் 5இல் நான்கு என்பதற்குக் காரணங்கள் இருந்தன. அங்கே ஒவ்வொரு நகரமும் நாடு முழுவதற்குமான மகிழ்ச்சியில் 3 குறைக்கும், ஒவ்வொரு குடிமகனும் இன்னொன்று குறைப்பான். பிரேவ் நியூ வேர்ல்ட் வந்த பிறகு நகரம் கூடக் கூட டெக், பாலிசி இரண்டின் விலையும் ஏறும். ட்ரடிஷன் மரத்தில் லீகலிசம் முதல் நான்கு நகரத்துக்குக் கல்ச்சர் கட்டடம் இலவசமாகத் தரும், மரத்தை முடித்தால் அதே நான்குக்கு அக்விடக்ட் இலவசம். கேமே நான்கில் நில் என்று சொன்னது. லிபர்ட்டி எடுத்து ஆறேழு நகரம் வைத்தவர்கள் அதன் விலையைக் கொடுத்துத்தான் வைத்தார்கள். போதாக்குறைக்கு செட்லர் செய்யும்வரை நகரம் வளராமல் நிற்கும்.

6இல் இந்தச் சட்டங்கள் எதுவும் இல்லை. நகரம் கூடினால் டெக் விலை ஏறாது, சிவிக் விலை ஏறாது, செட்லர் செய்யும்போதும் நகரம் வளர்ந்துகொண்டே இருக்கும். நகரத்துக்கு வெளியே தனி டைலில் கட்டும் டிஸ்ட்ரிக்ட்தான் இங்கே பலம், ஒரு நகரம் முதல் ஆளோடு ஒன்று, 4 பேர் ஆனதும் இரண்டாவது, 7இல் மூன்றாவது என்றுதான் டிஸ்ட்ரிக்ட் கட்டவிடும். ஆக 10 பேர் உள்ள ஒரு நகரம் நான்கு டிஸ்ட்ரிக்ட் வைத்திருக்கும் அதே நேரம், 4 பேர் வீதம் மூன்று நகரம் ஆறு வைத்திருக்கும், அதில் மூன்று சயன்ஸ் தரும் கேம்பஸாகவும் இருக்கலாம். ஒரு நகரத்தில் ஒரு கேம்பஸ்தான் முடியும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எண் சொல்லியே ஆக வேண்டும் என்றால்: 50ஆவது டேர்னில் மூன்று, 100ஆவது டேர்னில் எட்டு முதல் பத்து. பக்கத்தில் இரண்டு எதிரிகள் நெருக்கினால் ஆறு. ஆனால் இடம் இருந்தும் நான்கில் நிற்பவர்கள் தோற்பதற்கு வழி தேடுகிறார்கள்.

செட்லரின் விலை ஏறி, அதைச் செய்யும் நேரத்தில் இரண்டு டிஸ்ட்ரிக்ட் கட்டிவிடலாம் என்ற நிலை வரும்போது நிறுத்துங்கள். கொலனைசேஷனையும் அன்றைக்கே கழற்றி அர்பன் பிளானிங் போடுங்கள். எட்டு நகரம் இருந்தால் அந்த ஒற்றை கார்ட் டேர்னுக்கு 8 புரொடக்‌ஷன், தொடக்கத்தில் ஒன்று தந்த அதே கார்ட்.

அமெனிட்டி பற்றாமல் போகாதா?

சின்ன நகரமாக இருக்கும்வரை போகாது. முதல் இரண்டு பேருக்கு அமெனிட்டி (மக்களைத் திருப்தியாக வைக்கும் வசதி) தேவையில்லை, அதன் பிறகு இரண்டு பேருக்கு ஒன்று. அமெனிட்டி தரும் ஒரு லக்சரி வளம் நான்கு நகரத்துக்கு உதவும், அதனால் புதிய நகரம் போடும்போது கையில் இல்லாத புது வகை லக்சரியாகத் தேடுங்கள். ஒரே வகையில் இரண்டாவது கிடைத்தால் அது நாட்டுக்குள் உதவாது, கம்ப்யூட்டரிடம் விற்றுவிடுங்கள், நல்ல கோல்ட் தருவான்.

நகரத்தை எங்கே வைப்பது? கடற்கரை நல்லதா?

எழுவான்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடலைப் பார்த்ததும் அங்கேயே நகரம் வைக்கத் தோன்றும், எனக்கும் தோன்றும். ஆனால் கேமில் கணக்கு வேறு: ஆறு, ஏரி போன்ற நன்னீர் பக்கத்தில் இருந்தால் ஹவுசிங் (எத்தனை பேர்வரை வளரலாம் என்ற அளவு) 5, கடல் மட்டும் என்றால் 3, எதுவும் இல்லாவிட்டால் 2. ஹவுசிங் முட்டினால் வளர்ச்சி பாதியாகும், அப்புறம் கிட்டத்தட்ட நின்றுவிடும். எனவே ஆற்றுமுகத்தில் நன்னீரும் கடலும் ஒன்றாகக் கிடைக்கிற நிலம்தான் முதல் தரம். நம்ம வாவி மாதிரி உவர்நீர் ஏரி கேமில் கிடையாது, நிலத்தால் சூழப்பட்ட ஏரி என்றால் அது நன்னீர்தான், பயப்படாமல் பக்கத்தில் வையுங்கள். செட்லரைத் தெரிவு செய்தால் கரும்பச்சை நன்னீரையும் இளம்பச்சை கடலையும் காட்டும்.

இரண்டாவது, மேடு. பிளெய்ன்ஸ் ஹில் மேல் நகரத்தை வைத்தால் மையமே 2 உணவு, 2 புரொடக்‌ஷன் தரும், தட்டை நிலத்தில் புரொடக்‌ஷன் 1தான். முதல் இருபது டேர்னில் இந்த ஒன்று பெரிய விசயம். ஒரு டேர்ன் நடந்து போய் இப்படி ஒரு இடம் கிடைத்தால் நடக்கலாம், இரண்டு டேர்னுக்கு மேல் அலைய வேண்டாம்.

இடைவெளி: இரண்டு நகரத்துக்கு நடுவே குறைந்தது மூன்று டைல் வேண்டும். அந்தக் குறைந்த அளவிலேயே வைக்கச் சொல்கிறேன். நகரம் மூன்று டைல் தூரம்வரை வேலை செய்யலாம் என்பதற்காக ஆறு டைல் தள்ளிப் போகிறார்கள், ஆனால் 100ஆவது டேர்னில் ஒரு நகரம் உண்மையில் வேலை செய்வது நாலைந்து டைல்தான். நெருக்கமாக வைத்தால் டிஸ்ட்ரிக்ட்டுகள் ஒன்றையொன்று தொட்டு அஜேசன்சி (பக்கத்தில் இருப்பதால் வரும் போனஸ்) கூடும், காவலும் சுலபம்.

வெள்ளம் வரும் நிலத்தில் நகரம் வைக்கலாமா?

வைக்கலாம், நான் வைப்பேன். 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு, அம்பாறை எப்படி மூழ்கியது என்று பார்த்தவர்களுக்குக் கை கூசும்தான். கேமில் வெள்ளம் பண்ணையைக் கெடுத்துவிட்டுப் போனாலும் நிலத்துக்கு உணவையும் புரொடக்‌ஷனையும் கூட்டிவிட்டும் போகலாம், திருத்திவிட்டால் முன்னையதைவிட நல்ல நிலம். டிஸ்ட்ரிக்ட்டை மட்டும் அங்கே வைப்பதைத் தவிருங்கள். கரையோரத்தில் 1 மீட்டர், 2 மீட்டர் என்று குறித்த தாழ்நிலம் இருந்தால் அது கேமின் பிற்பகுதியில் கடல்மட்டம் ஏறும்போது போய்விடும் நிலம், அங்கே கேம்பஸ் கட்டாதீர்கள்.

பார்பேரியன் ஒவ்வொரு முறையும் என்னை முடித்துவிடுகிறான்.

அவனுடைய ஸ்கவுட்டைக் கொல்லாமல் விடுவதால்தான். அந்த ஸ்கவுட் உங்கள் நகரத்தைக் கண்டதும் தலைக்கு மேல் சிவப்பு ஆச்சரியக்குறி வரும், அவன் முகாமுக்குத் திரும்பிச் சேர்ந்தால்தான் படை கிளம்பும். திரும்பும் வழியை வாரியரால் மறித்து, ஸ்லிங்கரால் அடியுங்கள். ஸ்லிங்கரால் ஒன்றைக் கொன்றால் ஆர்ச்சரி டெக்குக்கு யுரேக்காவும் (சிவிக்குக்கு இன்ஸ்பிரேஷன் மாதிரி டெக்குக்கு) கிடைக்கும். முகாமை அழித்தால் கோல்ட், அதோடு மிலிட்டரி ட்ரடிஷன் சிவிக்குக்கு இன்ஸ்பிரேஷன். செட்லரைத் தனியாக அனுப்பாதீர்கள், அவர்கள் பிடித்துக்கொண்டு போவார்கள்.

பொலிட்டிக்கல் ஃபிலாசபிக்குச் சீக்கிரம் போவது எப்படி?

கவர்ன்மென்ட் மாறும் சிவிக் இதுதான், தாமதித்தால் எல்லாமே தாமதம். மூன்று சிட்டி ஸ்டேட்டை (ஒற்றை நகர நாடு) சந்தித்தால் இன்ஸ்பிரேஷன், எனவே ஸ்கவுட் சும்மா நிற்கக் கூடாது. வழியில் ஸ்டேட் வேர்க்ஃபோர்சுக்கு ஏதாவது ஒரு டிஸ்ட்ரிக்ட் கட்டி முடிக்க வேண்டும், ஃபொரின் ட்ரேடுக்கு இரண்டாவது கண்டத்தைக் காண வேண்டும்.

பொலிட்டிக்கல் ஃபிலாசபி தரும் மூன்று கவர்ன்மென்டில் எது?

இடங்களைப் பாருங்கள், போனஸைப் பிறகு பாருங்கள். கிளாசிக்கல் ரிப்பப்ளிக்கில் எக்கனாமிக் இரண்டு, டிப்ளொமாட்டிக் ஒன்று, எந்த வகை கார்டும் போடக்கூடிய வைல்ட்கார்ட் ஒன்று. நான் அமைதியாக விரிவடைகிறேன் என்றால் இதுதான், கொலனைசேஷனையும் அர்பன் பிளானிங்கையும் ஒன்றாகப் போடலாம். ஒலிகார்க்கியில் நான்கு வகையிலும் ஒவ்வொன்று, தரையில் நெருக்கிச் சண்டை போடும் படைக்கு 4 பலம் கூடும். பக்கத்து நாட்டைப் பிடிக்க வேண்டும், அல்லது அவன் நம்மைப் பிடிக்க வருவான் என்றால் தயங்காமல் இது. அவுட்டோக்ரசியில் மிலிட்டரி இரண்டு, எக்கனாமிக் ஒன்று, வைல்ட்கார்ட் ஒன்று. எனக்கு அதைத் தெரிவு செய்யக் காரணம் கிடைப்பது அரிது.

டிப்ளொமாட்டிக் இடம் கிடைத்தால் டிப்ளொமாட்டிக் லீக். ஒரு சிட்டி ஸ்டேட்டுக்கு அனுப்பும் முதல் தூதர் இரண்டாக எண்ணப்படுவார்.

ஒருமுறை விட்ட கவர்ன்மென்டுக்குத் திரும்பப் போனால் நாடு சில டேர்ன் அராஜகத்தில் கிடக்கும், முன்னுக்குத்தான் போக வேண்டும்.

தூரத்தில் வைத்த நகரம் கலகம் செய்து பறிபோகிறது.

காரணம் லோயல்ட்டி, அதாவது நகரம் உங்களிடம் வைத்திருக்கும் விசுவாசம். ஒன்பது டைலுக்குள் உள்ள ஒவ்வொரு குடிமகனும் அழுத்தம் தருகிறான், தூரம் கூடினால் அழுத்தம் குறையும். உங்கள் நகரம் தனியாக எதிரியின் மூன்று நகரத்துக்கு நடுவில் நின்றால் போகத்தான் செய்யும். எல்லைப் பக்கமாக முதலில் நகரம் வையுங்கள், உள்பக்கத்து நிலம் எங்கேயும் ஓடாது. கவர்னர் ஒருவரை அங்கே உட்காரவைத்தால் 8 லோயல்ட்டி கூடும், ஆனால் அவர் நிலைகொள்ள ஐந்து டேர்ன் எடுக்கும், நகரம் வைத்த அதே டேர்னில் அனுப்புங்கள்.

முதல் கவர்னர் மேக்னஸா, பிங்காலாவா?

செட்லரைக் குவிக்கிற கேம் என்றால் மேக்னஸ். அவருடைய புரொவிஷன் என்ற திறமையை எடுத்தால் அவர் இருக்கும் நகரத்தில் செட்லர் செய்தாலும் சனத்தொகை குறையாது. அதே நகரத்தில் கவர்ன்மென்ட் பிளாசா வைத்து ஆன்செஸ்ட்ரல் ஹால் கட்டினால் செட்லருக்கு இன்னும் 50 வீதம், புதிய நகரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பில்டர் இலவசம். கொலனைசேஷனும் சேர்ந்தால் ஒரே நகரம் போதும், மற்றவை கேம்பஸ் கட்டட்டும். நிலம் ஐந்து நகரத்துக்கு மேல் இடம் தராது என்று தெரிந்தால் இந்தப் பாடு தேவையில்லை, பிங்காலாவைத் தலைநகரில் வைத்து சயன்சும் கல்ச்சரும் எடுங்கள்.

வொண்டர் கட்டலாமா?

முதல் 60 டேர்னில் வேண்டாம். ஒரு வொண்டருக்குப் போகும் புரொடக்‌ஷனில் இரண்டு நகரம் வரும்.

கண்டி வந்தால் என்ன செய்வது?

கண்டி ஒரு மதச் சிட்டி ஸ்டேட். அதற்கு நீங்கள் சுசெரெயின் (அதிகத் தூதர் அனுப்பி அதன் மேலாளர்) ஆனால், புதிதாக ஒரு இயற்கை அதிசயத்தைக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஃபெயித் தரும் புனிதப் பொருளான ரெலிக் ஒன்று கிடைக்கும், ரெலிக் தரும் ஃபெயித்தும் 50 வீதம் கூடும். முதலாவதாகச் சந்தித்தால் ஒரு தூதர் இலவசம். அருகில் இருந்தால் இரண்டு தூதரை அனுப்பிவிட்டு ஸ்கவுட்டைத் தொடர்ந்து நடக்கவிடுங்கள். அப்படிச் சேரும் ஃபெயித் கோல்டன் ஏஜில் (பொற்காலம்) மொனுமென்டாலிட்டி என்ற தெரிவை எடுத்தால் செட்லராகவே மாறும், அதாவது ஃபெயித் கொடுத்து செட்லர் வாங்கலாம்.

சோழரை எடுத்து விளையாட முடியாதா?

6இல் நாடாக இல்லை. 2025இல் வந்த 7இல் எக்ஸ்ப்ளொரேஷன் காலத்தில் இருக்கிறார்கள்.

நாலு பேர், ஒரு கம்ப்யூட்டர். சேர்ந்து விளையாடலாமா?

ஹொட்சீட் இருக்கிறது, ஒவ்வொருவராக உட்கார்ந்து டேர்ன் முடித்து எழும்ப வேண்டும். மச்சான்மாரோடு விளையாடும்போது சின்ன மேப் எடுங்கள், ஆன்லைன் ஸ்பீட் வையுங்கள், அப்போது செட்லர் விலை உட்பட மேலே சொன்ன விலைகள் எல்லாம் பாதியாகும். அந்த வேகத்தில் கொலனைசேஷன் போட்டு ஐந்தாறு டேர்ன் செட்லர் செய்யாமல் இருந்தால் அது பெரிய இழப்பு.

விரிவாக்கம் முடிந்தது, அடுத்து?

ஃபியூடலிசம். ஆறு பண்ணை கட்டினால் இன்ஸ்பிரேஷன், அதில் வரும் செர்ஃப்டம் ஒவ்வொரு பில்டருக்கும் இரண்டு வேலை கூடத் தரும். எட்டு நகரத்திலும் ஒவ்வொரு பில்டர் செய்தால் 16 வேலை கூடக் கிடைத்த மாதிரி. அதோடு புதிய நகரங்களில் கேம்பஸுக்கோ கொமர்ஷியல் ஹப்புக்கோ இடத்தைக் குறித்து வைத்துவிடுங்கள், டெக்கும் சிவிக்கும் கூடக் கூட டிஸ்ட்ரிக்ட் விலை ஏறும், ஆனால் வைத்த அன்றைய விலை அப்படியே நிற்கும், கட்டி முடிப்பது ஆறுதலாக நடக்கலாம்.